நான்காவது பாத்தி

நான்கு மாதப் பயிற்சிக்கென்று கோயம்புத்தூருக்கு வந்து ஆறு மாதம் இருந்தேன். அந்த இரண்டு மாதம் ஏன் கூடிப்போனது என்று வீட்டில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்கள். தண்ணீர் பிரச்சினை என்று சொல்லி முடித்துக்கொள்வேன். முழுதாகச் சொன்னால் நான் கொஞ்சம் அசட்டுப் பெண்ணாகத் தெரிவேன் என்பதால் இத்தனை வருடம் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மலேசியாவில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருடத்தில் ஏதாவது ஓர் ஆய்வு நிலையத்தில் வேலை செய்து, அறிக்கை கொடுத்தால்தான் பட்டம். என்னோடு படித்தவர்கள் தைவான், தாய்லாந்து என்று எழுதிக் கொடுத்தார்கள். தமிழ் பேசுகிற ஊர், மொழிச் சிக்கல் இருக்காது என்று நான் கோயம்புத்தூரை எழுதினேன். பெட்டியில் இரண்டு குடையும் ஒரு மழைக்கோட்டும் எடுத்து வைத்தேன். எங்கள் ஊரில் மத்தியானம் மூன்று மணியானால் மழை வந்துவிடும். மழையில்லாமல் பயிர் வளர்க்கிற ஊர் ஒன்று இருக்குமென்று பாடப்புத்தகத்தில் படித்திருந்தேனே தவிர, நம்பியிருக்கவில்லை. அந்தக் குடைகள் ஆறு மாதமும் விடுதிக் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தன.

மொழிச் சிக்கல் முதல் நாளே வந்தது. உக்கடத்தில் பஸ் ஏறினேன். "உள்ள போங்க கண்ணு, எடம் இருக்குதுங்க" என்றார் கண்டக்டர். முன்பின் தெரியாத ஆள் கண்ணு என்று கூப்பிடுகிறாரே என்று எனக்குச் சுர்ரென்று வந்தது. முறைத்தேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. எனக்குப் பின்னால் ஏறிய பள்ளிக்கூடத்துப் பையனையும் "உள்ள போங்க கண்ணு" என்றார். காய்கறிக் கூடையோடு வந்த அம்மாவிடம், "ஏனுங்க, கூடைய இப்புடிக் குடுத்துப்போட்டு ஏறுங்க" என்றார். ஒரு வாரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. இந்த ஊரில் மரியாதை காசு கொடுத்து வாங்குகிற சரக்கில்லை, காற்று மாதிரி எல்லோர் மேலும் படுகிறது. கன்றுக்குட்டியைக்கூட "அந்தப் பக்கம் போங்க சாமி" என்று விரட்டியவரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என் தமிழ் அவர்களுக்குச் சிரிப்பு. விடுதிச் சமையற்காரம்மாவிடம் காலையில் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் அது சாதாரணப் பேச்சு. அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மறுநாளிலிருந்து சமையலறை முழுக்க "அம்மணி, பசியாறிட்டீங்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்க ஆரம்பித்தது. கேலிதான். ஆனால் கேட்டுவிட்டு, தட்டில் ஒரு இட்லி கூடுதலாக வைப்பார்கள்.

எனக்குக் கொடுத்த வேலை சின்ன வெங்காயம். அதற்கு எவ்வளவு குறைவாகத் தண்ணீர் விட்டுப் பிழைக்க வைக்கலாம் என்பது ஆய்வு. என் வழிகாட்டி ஒரு பெண் விஞ்ஞானி. வேகமாக நடப்பார், மெதுவாகப் பேசுவார், சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. நிலையத்து நிலத்தில் செய்தால் விவசாயிகள் நம்பமாட்டார்கள் என்று சொல்லி, பொள்ளாச்சி ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு தோட்டத்தில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். தோட்டத்துக்காரர்கள் ஒரு கணவனும் மனைவியும். தோட்டத்துக்குள்ளேயே வீடு. பிள்ளைகள் இருவரும் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை அம்மணி என்பார், மனசு இளகினால் கண்ணு என்பார்.

நான்கு பாத்திகள். ஒவ்வொன்றும் பத்தடி அகலம், இருபதடி நீளம். முதல் பாத்திக்கு ஊர் வழக்கப்படி மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீர். இரண்டாவதற்கு ஆறு நாளுக்கு ஒரு முறை, மூன்றாவதற்கு ஒன்பது, நான்காவதற்குப் பன்னிரண்டு. நான்காவது பாத்தி வாட வேண்டும், அதற்காகத்தான் அது இருக்கிறது. எவ்வளவு வாடுகிறது என்று தெரிந்தால்தான் மற்ற மூன்றைப் பற்றியும் பேச முடியும். இதை அக்காவிடமும் அவர் கணவரிடமும் கை காலை ஆட்டி விளக்கினேன். "சரீங்க அம்மணி" என்றார் அக்கா. அவர் கணவரும் "சரீங்க" என்றார். அந்த ஊரில் சரீங்க என்பதற்கு எத்தனை அர்த்தம் உண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது.

பாத்திகளின் தலைமாட்டில் ஒரு தகரப் பலகை நட்டார்கள். நிலையத்தின் வழக்கம் அது. பயிரின் பெயர், என் பெயர், அதற்குக் கீழே மலேசியா என்று பெரிய எழுத்தில். வண்டித்தடத்தை ஒட்டி இருந்தது நான்காவது பாத்திதான். ஆகவே பலகை அதன் ஓரத்தில் நின்றது.

மார்கழிக் குளிரில் விதை வெங்காயம் ஊன்றினோம். பிறகு என் நாட்கள் ஒரே மாதிரி ஓடின. காலையில் பஸ், இறங்கி இரண்டு மைல் நடை. தோட்டத்து வாசலில் கால் வைத்ததும் அக்கா ஒரு சொம்பு தண்ணீரோடு வந்துவிடுவார். "வாங்க கண்ணு, தண்ணி குடிங்க." நான் சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்வரை வேறு ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். தபால்காரர், கடன் கேட்க வந்தவர், சண்டை பிடிக்க வந்தவர், யாராக இருந்தாலும் முதலில் தண்ணீர், பிறகுதான் மற்றதெல்லாம். குடித்துவிட்டுப் போய் வெங்காயத் தாள்களை அளப்பேன், மண்ணைத் தோண்டி டப்பாவில் அடைப்பேன். சாயங்காலம் ஆய்வகத்தில் அந்த மண்ணை எடைபோட்டு, அடுப்பில் உலர்த்தி, மறுபடி எடைபோட்டு எத்தனை ஈரம் என்று எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து, வீட்டுக்குக் கடிதம் எழுதுவேன். கடிதத்தில் பாதி, இவர்கள் தண்ணீரை நடத்துகிற விதத்தைப் பற்றியே இருக்கும். மோட்டார் ஓடுவதற்கான மும்முனை மின்சாரம் வருகிற நேரத்துக்குத் தயாராக மண்வெட்டியோடு மடையில் நிற்பார்கள். வாய்க்காலில் ஒரு கைப்பிடி தண்ணீர் உடைந்து வெளியே போனால், பணத்தைத் தவறவிட்டவர்கள் மாதிரி ஓடுவார்கள். கிணற்றைப் பார்க்காமல் யாரும் கடந்து போகமாட்டார்கள், நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். குழாயைத் திறந்துவிட்டுப் பல் விளக்குகிற நான் அங்கே வந்துதான் வெட்கப்பட்டேன்.

நான்காவது பாத்தி வாடவில்லை.

முதல் மாதம் எனக்கு ஆச்சரியம். இரண்டாவது மாதம் கர்வம். மண்ணில் நான் எதிர்பார்த்ததைவிட ஈரம் இருந்தது. அதற்கு நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். இந்தத் தோட்டத்தின் கரிசல் மண் தண்ணீரை நீண்ட நாள் பிடித்துவைக்கிறது என்று நான்கு பக்கம் எழுதினேன். "அடுப்பு சரியா வேலை செய்யுதான்னு பாரும்மா" என்றார் வழிகாட்டி. பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. தராசையும் பார்த்தேன். பிறகு அவருக்கும் நம்பிக்கை வந்தது. பன்னிரண்டு நாளுக்கு ஒரு தண்ணீரில் வெங்காயம் நிற்குமென்றால் இந்த வறண்ட பக்கத்துக்கு அது பெரிய விஷயம். மாசி பிறந்ததும் அந்தத் தோட்டத்திலேயே விவசாயிகள் கூட்டம் ஒன்று போடலாம், அதில் நீயே பேசு என்றார். ஒரு கண்டுபிடிப்போடு வீடு திரும்பப் போகிறேன் என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். நல்லவேளையாக அந்தக் கடிதம் போய்ச் சேர மூன்று வாரம் ஆனது.

கூட்டத்துக்கு நாற்பது ஐம்பது பேர் வந்தார்கள். தென்னை நிழலில் வாடகை நாற்காலிகள், ஒரு மைக், ஒரு அண்டா டீ. பெண்கள் டீ அண்டாவின் பக்கம் நின்றார்கள். அக்கா டம்ளர்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு, மைக்கைப் பிடித்து, நான்கு பாத்தியையும் காட்டிப் பேசினேன். பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை போதும் என்றேன். எல்லோரும் எழுந்து போய் நான்காவது பாத்தியைச் சுற்றி நின்று பார்த்தார்கள். குனிந்து தாளைத் தொட்டுப் பார்த்தார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர், தலையில் துண்டு கட்டியவர், திரும்பி என்னிடம் சொன்னார்: "எங்க கெணத்துல தண்ணி அடியில போயிருச்சுங்க அம்மணி. மூணு ஏக்கரா வெங்காயம் நிக்குது. வித்துப்போட்டு மகளுக்குக் கண்ணாலம் பண்ணோணும். நீங்க சொல்றதைப் பாத்தா தெம்பா இருக்குதுங்க. நாளையிலிருந்து நானும் பன்னெண்டு நாளைக்கு ஒருக்காத்தான் தண்ணி உடப்போறனுங்க."

"அப்புடிப் பண்ணிப்போடாதீங்கண்ணா!"

டம்ளர் கழுவிய கையோடு அக்கா நடுவில் வந்து நின்றார். முந்தானையில் கையைத் துடைத்தார். என்னைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துப் பேசினார்.

"நான் ஊத்திப்போட்டனுங்கண்ணா. இந்தப் பாத்திக்கு நாந்தான் தொட்டியிலிருந்து கொடத்துல மொண்டு ஊத்திப்போட்டேன். அம்மணிக்குத் தெரியாதுங்க. நீங்க இதை நம்பித் தண்ணிய நிறுத்தீராதீங்க."

இரண்டு மாத வேலை, நான்கு பக்கக் கரிசல் மண், அம்மாவுக்கு எழுதிய கடிதம் எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன. "ஏங்கக்கா?" என்றேன். மைக் இன்னும் என் கையில் இருந்ததால் அது தோட்டம் முழுக்கக் கேட்டது.

"இந்தத் தடத்துல போறவங்க எல்லாம் நின்னு பலகையைப் படிக்கறாங்க கண்ணு. படிச்சுப்போட்டுப் பயிரைப் பாக்கறாங்க. அவ்வளவு தூரத்திலிருந்து நம்மள நம்பி வந்த புள்ளை. அது பேருக்குப் பக்கத்துல பயிரு காஞ்சு கெடந்தா நான் எப்புடிங்க பாத்துக்கிட்டு இருப்பேன்?"

அவர் கணவர் தலையைக் குனிந்து நின்றார். அவருக்கும் அப்போதுதான் தெரியும் போலிருந்தது. சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. துண்டு கட்டியவர் கொஞ்ச நேரம் பாத்தியையே பார்த்துவிட்டு, "எத்தனை கொடமுங்க?" என்று கேட்டார்.

"ஒரு நாள் உட்டு ஒரு நாள், ஏழு கொடமுங்க."

"வேர்லயா, பரவலாவா?"

"கையில அணைச்சு வேர்லதானுங்க."

அவ்வளவுதான், கூட்டத்தின் பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. ஏழு குடம் என்றால் எத்தனை தண்ணீர், வாய்க்காலில் விட்டால் எவ்வளவு மண்ணே குடித்துவிடுகிறது என்று ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தார்கள். என் வழிகாட்டி நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். என்னை யாரும் குறை சொல்லவில்லை. அதுவே எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. நான் கிணற்றுப் பக்கம் போய், மோட்டார் அறையின் நிழலில் உட்கார்ந்து அழுதேன்.

அக்கா வந்தார், கையில் சொம்பு. "தண்ணி குடிங்க கண்ணு" என்றார்.

நான் வாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் சொம்பை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதைப் பக்கத்துக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனார். அந்த ஊரில் நீட்டிய தண்ணீரை வாங்காமல் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். இன்று நினைத்தாலும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

திரும்பி வரும் வழியில் வழிகாட்டி நிலைமையைச் சொன்னார். நான்காவது பாத்தி இல்லாமல் அறிக்கை நிற்காது. மூன்றை மட்டும் வைத்து ஏதாவது எழுதிக் கொடுத்தால் பட்டம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அல்லது பயணச்சீட்டைத் தள்ளிப்போட்டு, மறுபடி முதலிலிருந்து நட வேண்டும். "அதே தோட்டத்துலதான் நடணும்மா. மண்ணு மாறினா கதையே வேற. அவங்க கொடுப்பாங்களான்னு நீதான் போய்க் கேக்கணும்" என்றார்.

மூன்று நாள் நான் விடுதியை விட்டு வெளியே போகவில்லை. கோபம் முதல் நாளே தீர்ந்துவிட்டது. மற்ற இரண்டு நாளும் யோசனைதான். அக்கா பேசாமல் டம்ளர் கழுவிக்கொண்டிருந்திருக்கலாம். நான் ஏப்ரலில் விமானம் ஏறியிருப்பேன், பட்டம் வாங்கியிருப்பேன், அந்த மனிதரின் மூன்று ஏக்கர் காய்ந்திருக்கும், யார் காரணம் என்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது. விருந்தாளியிடம் இல்லை என்ற சொல்லைக்கூடச் சொல்லக் கூசுகிற அந்த மனுஷி, ஊர்க்காரர்கள் ஐம்பது பேர் முன்னால் வந்து, தான் செய்ததைத் தன் வாயால் சொன்னார். அந்தத் தைரியம் எனக்கு இருக்குமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மைக்கில் பேசியபோது இருந்த நான் எனக்கே பிடிக்காமல் போனேன்.

நான்காம் நாள் காலையில் பஸ் ஏறினேன். தோட்டத்து வாசலில் கால் வைத்ததும் அக்கா சொம்போடு வந்தார், எதுவுமே நடக்காத மாதிரி. "வாங்க கண்ணு, தண்ணி குடிங்க." ஒரே மூச்சில் குடித்தேன், இன்னொரு சொம்பும் கேட்டேன். அவர் முகத்தில் வந்த சிரிப்பை என்னால் எழுத முடியவில்லை. பிறகு விஷயத்தைச் சொன்னேன். இரண்டு மாதம் கூட இருக்கப் போகிறேன், அதே நான்கு பாத்தி வேண்டும், நான்காவது இந்த முறை உண்மையாகவே வாட வேண்டும்.

அக்கா நான்காவது பாத்தியைத் திரும்பிப் பார்த்தார். "கோடையிலீங்களா?" என்றார்.

"ஆமாங்கக்கா."

"சரீங்க" என்றார். இந்த முறை அந்தச் சொல் அவருக்கு எவ்வளவு கனமாக இருந்தது என்று எனக்குப் புரிந்தது.

பங்குனி, சித்திரை. வெயில் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. அக்கா தொட்டிப் பக்கம் இருந்த குடங்களை எல்லாம் வீட்டுக்குள் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார். மாட்டுக்குப் புல் அறுக்கப் போகும்போதும் வண்டித்தடத்தை விட்டுவிட்டு வரப்பைச் சுற்றிக்கொண்டு போனார். அந்தப் பாத்தியைப் பார்க்கக் கூடாதென்றுதான். அந்த வருடம் கோடைமழையும் ஏமாற்றிவிட்டது. சாயங்காலம் மேற்கே மேகம் கறுத்தால் ஊரே வானத்தைப் பார்க்கும். நானும் பார்ப்பேன், பெய்துவிடக் கூடாதே என்று. மழை பெய்தால் நான்காவது பாத்தி போய்விடும். அப்படி வேண்டிக்கொண்ட பிறகு, கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போகிற அக்காவின் கணவரை என்னால் நேராகப் பார்க்க முடியாது. ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. துண்டு கட்டிய மனிதர் ஆறு நாளுக்கு ஒரு முறை என்ற என் இரண்டாவது பாத்திக் கணக்கைப் பிடித்துக்கொண்டு, தன் மூன்று ஏக்கரைக் கரையேற்றிவிட்டார். கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது.

சித்திரைக் கடைசியில், நான்காவது பாத்தி படுத்துவிட்டது. தாள்கள் நுனியிலிருந்து மஞ்சளாகி, வைக்கோலாகி, மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வெங்காயம் சுண்டைக்காய் அளவு. அறிக்கைக்கு எனக்கு வேண்டியது அதுதான், ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. எழுதிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் பலகையைக் கவனித்தேன். அதன் மேல் ஒரு சணல் சாக்கைக் கவிழ்த்து, காற்றில் பறக்காதபடி இரண்டு சுற்றுக் கயிறு கட்டியிருந்தது. என் பெயரும் தெரியவில்லை, மலேசியாவும் தெரியவில்லை.

அக்கா வரப்பைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். நான் பார்த்துவிட்டதைத் தெரிந்துகொண்டு, நான் கேட்கும் முன்பே சொன்னார்.

"தண்ணி ஊத்தலீங்க கண்ணு. சத்தியமா ஒரு சொட்டு ஊத்தலீங்க. தடத்துல போறவங்க பேரைப் படிக்காம இருக்கட்டும்னு இதை மட்டும் போத்தி வெச்சேன்." பிறகு பயந்த குரலில் கேட்டார்: "இதனால உங்க ஆராய்ச்சிக்கு ஒண்ணும் ஆயிராதில்லீங்க?"

"ஒண்ணும் ஆகாதுங்கக்கா" என்றேன். ஒரு பக்கம் தளர்ந்திருந்த கயிற்றை நானே இழுத்துக் கட்டினேன்.